14 மாதம் நின்ற வண்டி, 12 வருடம் ஓட்டாத கை: ஒரு ஸ்போர்ட் டூரரைச் சாலைக்குத் திருப்பிய பதிவு

வண்டி கவாஸாகி நிஞ்ஜா 1000எஸ்எக்ஸ், 2021 மாடல். 1043 சிசி, நாலு சிலிண்டர், 142 குதிரைசக்தி, பெட்ரோல் நிரம்பிய நிலையில் 238 கிலோ. நின்ற இடம் புதுச்சேரி அரியாங்குப்பத்தில் ஒரு தகரக் கொட்டகை. கடற்காற்று நேராக வந்து மோதும் இடம். நின்ற காலம் 14 மாதம், அதற்குள் ஒரு ஐப்பசி, கார்த்திகை மழை முழுசாக. ஓட்டப்போகிறவர் கடைசியாக ஓட்டியது வலது காலில் கியர் உள்ள பழைய புல்லட். அதை விட்டு 12 வருடம்.

வேலை இரண்டு: வண்டியை எழுப்புவது, காலைப் பழக்குவது. பலரும் பேட்டரிக்கு ஜம்ப் கொடுத்து வண்டியைக் கிளப்பி, ஞாயிற்றுக்கிழமையே ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் போய்விடுகிறார்கள். ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் தடுப்பது), டிராக்‌ஷன் கண்ட்ரோல் (பின்சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது) எல்லாம் இருக்கிறதே என்ற தைரியம். அந்த மின்னணுப் பாதுகாப்பு எல்லாம் டயர், பிரேக் ஆயில், பிரேக் பேட் மூன்றும் ஒழுங்காக இருந்தால் மட்டுமே வேலை செய்யும். கெட்டிப்பட்டுப்போன டயருக்கு ஏபிஎஸ்ஸால் பிடிப்பு வாங்கித் தர முடியாது. அதனால் வண்டி முதலில், கால் பிறகு. வேலைகளை அதே வரிசையில் எழுதியிருக்கிறது.

சாவி போடுவதற்கு முன்

சீட்டைத் திறந்ததும் எலிப்புழுக்கை. வயர் கட்டின் மேல் சுற்றிய டேப் இரண்டு இடத்தில் கடிபட்டிருந்தது. ஒன்றில் மேல்தோல் மட்டும், இன்னொன்றில் டெயில் லேம்ப் வயரின் செம்பே தெரிந்தது. இங்கே வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றி விடக்கூடாது. ஒரு கோடையில் அதன் பசை இளகிவிடும், உப்பீரம் அடியில் ஏறும், செம்பு பச்சை பூத்துவிடும். வயரை வெட்டி, ஈயம் வைத்துப் பற்றி, மேலே சூட்டில் சுருங்கும் குழாயைப் போட்டு மூடியது. அந்த வயரில் 6 செ.மீ. கூடுதலாகச் சேர்த்ததால் இழுவையும் இல்லை.

எலி வந்த வண்டியில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்காமல் ஸ்டார்ட்டரை அழுத்தவே கூடாது. உள்ளே தேங்காய் நார், துணிப்பிசிறு. நல்லவேளையாக எல்லாம் ஃபில்டரின் வெளிப்பக்கமே நின்றது. ஃபில்டர் ஓரத்தைக் கொறித்திருந்ததால் புதிதாக மாற்றியது. சைலன்சர் வாயில் குளவி மண்கூடு இருந்தது, டார்ச் அடித்தால் தெரியும். குச்சியால் உள்ளே தள்ளாமல், உடைத்து வெளியே எடுக்க வேண்டும்.

யாரும் பார்க்காத இடம் ஒன்று உண்டு. பெட்ரோல் மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மழைநீர் இறங்க ஒரு சிறு ஓட்டை, அதிலிருந்து வண்டிக்கு அடி வரை ஒரு ரப்பர் குழாய். அந்தக் குழாயில் மண் அடைத்துவிட்டால் தண்ணீர் பள்ளத்திலேயே தேங்கி, மூடி ரப்பர் வழியாக டேங்குக்குள் கசியும். மழையில் நனைந்த வண்டி திடீரென இருமுவதற்கு இது ஒரு வழக்கமான காரணம். தூண்டில் நரம்பை உள்ளே விட்டுக் குடைந்தால் போதும். இந்த வண்டியில் அடைப்பு இருந்தது. பள்ளத்தில் வெள்ளையாக உப்புக் கோடும் இருந்தது.

பழைய வண்டி வாங்கப் பார்ப்பவர்களுக்கு இடையில் ஒரு சொல். 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது இந்தப் பக்கம் தெருத்தெருவாக வண்டிகள் தண்ணீரில் நின்றன. மூழ்கிய வண்டியைக் கழுவிப் பளபளப்பாக்கி விற்பது கடினமே இல்லை. ஃபேரிங்கின் (வண்டியை மூடும் பிளாஸ்டிக் உறை) உள்பக்கம் நேர்கோடாக ஒரு மண் தடம், இன்ஜின் ஆயில் கண்ணாடியில் பால் கலந்த டீ நிறம், வயர் கனெக்டரைப் பிரித்தால் பச்சைப் பூப்பு. மூன்றில் ஒன்று தெரிந்தாலும் விலை பேச வேண்டாம், விட்டுவிடலாம்.

பேட்டரி, பெட்ரோல், ஆயில்

பேட்டரி 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி. மீட்டரில் 10.9 வோல்ட். முழு சார்ஜில் ஓய்ந்திருக்கும் நல்ல பேட்டரி 12.7, 12.8 காட்ட வேண்டும். 12-க்குக் கீழே மாதக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டிப்படும். 0.8 ஆம்பியரில் ஓர் இரவு முழுக்க ஏற்றி, 12 மணி நேரம் சும்மா விட்டுப் பார்த்தால் 12.3. ஸ்டார்ட்டர் அழுத்தும் கணத்தில் 9.1-க்கு விழுந்தது. 9.6-க்குக் கீழே விழும் பேட்டரியை நம்பிச் சாலைக்குப் போகக்கூடாது. இந்த வகை வண்டியில் வோல்டேஜ் தாழ்ந்தால் ஸ்டார்ட் ஆகாமல் போவதோடு நிற்காது. சம்பந்தமே இல்லாத எச்சரிக்கை விளக்குகள் எரியும், ஏபிஎஸ் யூனிட் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். புதுப் பேட்டரி போட்டது. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது ப்ளஸ் முதலில். ஓடும் இன்ஜினில் 14.2 வோல்ட், ஆக சார்ஜிங் சரி.

வண்டி நிற்கும்போது மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு எரிந்துகொண்டே இருப்பதைப் பார்த்துப் பழைய கை மிரளும். அது கோளாறு இல்லை. சில மீட்டர் உருண்டதும், சக்கர சென்சார்கள் சரி என்று உறுதியானதும் அணைந்துவிடும். உருண்ட பிறகும் அணையாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

டேங்கில் பாதி பெட்ரோல் இருந்தது. இப்போது கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலப்பு உண்டு, எத்தனால் ஈரத்தை இழுக்கும். பாதி காலியான டேங்க், கடலோரக் காற்று, 14 மாதம். ஓரளவுக்கு மேல் ஈரம் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும், பம்ப் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான். கைப்பம்பால் மொத்தத்தையும் எடுத்துக் கண்ணாடி ஜாடியில் ஒரு மணி நேரம் வைத்தபோது அடியில் விரல் கனத்துக்குத் தனி அடுக்கு தெரிந்தது. அதை வேறு வண்டிக்கும் ஊற்றக்கூடாது. புதிதாக 5 லிட்டர் ஊற்றி, ஆட்டி, மறுபடி எடுத்துவிட்டு நிரப்பியது. இனி நிறுத்தி வைப்பதானால் டேங்கை வாய்வரை நிரப்பித்தான். புதுச்சேரியில் பெட்ரோல் தமிழ்நாட்டை விட விலை குறைவு, கடலூர்க்காரர்கள் கன்னியகோயில் பக்கம் வந்து நிரப்பிப் போவது அதனால்தான்.

ஆயில் 10டபிள்யூ-40, டப்பாவில் ஜேஏஎஸ்ஓ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். கார் ஆயில் கூடாது. கிளட்ச் இதே ஆயிலில் ஊறுவதால் அதிலுள்ள வழுக்குச் சேர்மானம் கிளட்சை நழுவவிடும். ஃபில்டர், வடிகால் போல்ட்டின் வாஷர் இரண்டும் புதிது. வண்டியை நிமிர்த்திப் பிடித்து, முதலில் 3 லிட்டர், பிறகு கண்ணாடியில் இரண்டு கோட்டுக்கும் நடுவே வரும்வரை சிறிது சிறிதாக. கூலன்ட் முழுக்க வடித்து, கலந்தே வரும் ரெடிமேட் வகை ஊற்றியது. போர் தண்ணீர் கலப்பது இந்தக் கரையோரத்தில் ரேடியேட்டருக்கு உப்பு ஊட்டுவதற்குச் சமம்.

பிரேக்

முழு வேலையில் பாதி நேரம் இதற்கே போனது, போகவும் வேண்டும்.

முன்னே 300 மி.மீ. டிஸ்க் இரண்டு, பின்னே 250 மி.மீ. ஒன்று. டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு முதல் பத்து பிரேக்கிலேயே தேய்ந்து போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். கவலை ஆயிலில். முன் ரிசர்வாயரில் ஆயில் கடுங்காப்பி நிறம். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் இழுத்த பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கலாம். தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது ஆயில் கொதித்தால் நீராவிக் குமிழி உண்டாகும், லீவர் கைப்பிடிவரை மெத்தென்று வரும், வண்டி நிற்காது. அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கடலோரத்தில் அதைத் தள்ளிப்போட இடமே இல்லை.

மாற்றிய முறை: டேங்க், ஃபேரிங் மேல் ஈரத்துணி போர்த்தியது, பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். ரிசர்வாயரிலிருந்து பழையதை ஊசிக்குழாயால் உறிஞ்சி, புதியதை ஊற்றியது. காலிப்பர் (பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாய், அதன் மறுமுனை ஆயில் உள்ள பாட்டிலில் முங்கியபடி. லீவரை அழுத்திப் பிடி, நிப்பிளைக் கால் சுற்றுத் திற, மூடு, பிறகு லீவரை விடு. இந்த வரிசை மாறினால் காற்று உள்ளே போகும். ரிசர்வாயர் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே ஒருமுறைகூட இறங்கக்கூடாது. ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால் கையால் எடுப்பது கஷ்டம், கம்ப்யூட்டர் கருவி உள்ள கடையில் பம்பை இயக்கித்தான் எடுக்க வேண்டிவரும். கோடு இறங்காமல் பார்த்துக்கொண்டால் வீட்டிலேயே முடியும். முன்னும் பின்னும் சேர்த்து ஏறக்குறைய 300 மில்லி செலவு. மீந்ததை வைத்துக்கொள்ளக்கூடாது, திறந்த டப்பாவும் ஈரம் இழுக்கும்.

பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் அரைச் சுற்றில் நின்றது. பேட்களைக் கழற்றிப் பார்த்தால் ஒன்றில் 4 மி.மீ., மற்றதில் 2.5. பின் காலிப்பர் ஒற்றைப் பிஸ்டன், இரண்டு உலோகப் பின்கள் (ஊசிக்கம்பிகள்) மேல் வழுக்கி நகரும் வகை. அந்தப் பின்னில் கிரீஸ் உலர்ந்து உப்புப் பூத்துவிட்டால் ஒருபக்கப் பேட் மட்டும் தேயும், சக்கரம் உரசிக்கொண்டே ஓடும், டிஸ்க் கொதிக்கும். பின்களை வெளியே எடுத்து பிரேக் கிளீனரால் கழுவி, ரப்பருக்கு ஒத்துப்போகும் சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகத் தடவியது. சாதாரண மஞ்சள் கிரீஸ் தடவினால் ரப்பர் உறை ஊதி, அந்த உலோகப் பின் மறுபடி சிக்கும். பேட் புதுசு. இப்போது ஒரு தள்ளுக்கு சக்கரம் மூன்று சுற்று ஓடுகிறது.

முன் காலிப்பர் பிஸ்டன்களில் அழுக்கு மட்டும். பேட்டை எடுத்துவிட்டு, லீவரை மெதுவாக அழுத்திப் பிஸ்டன்கள் சற்று வெளியே வந்ததும் மென்பிரஷ்ஷால் கழுவி, பிறகே உள்ளே தள்ள வேண்டும். கழுவாமல் தள்ளினால் உப்புத்தூள் சீலைக் கீறிவிடும்.

செயின், டயர், சஸ்பென்ஷன்

செயினில் மூன்று கண்ணிகள் மடங்காமல் விறைத்து நின்றன. மண்ணெண்ணெயில் மென்பிரஷ் போட்டுத் தேய்த்ததில் ஒன்று விட்டது, இரண்டு விடவில்லை. உள்ளிருக்கும் ரப்பர் வளையம் செத்து உள்கிரீஸ் போய்விட்டதென்று அர்த்தம். செயின், இரண்டு பல்சக்கரம் மூன்றும் சேர்த்தே மாற்றியது. பழைய பல்லில் புதுச் செயின் போட்டால் சீக்கிரமே தேய்ந்துவிடும். பெட்ரோலில் கழுவுவது, கம்பி பிரஷ் போடுவது இரண்டும் அந்த ரப்பர் வளையத்துக்கு எமன். தொய்வு அளவு ஸ்விங்ஆர்ம் ஸ்டிக்கரில் இருக்கிறது. சக்கரத்தைச் சுற்றி நாலு இடத்தில் அளந்து, எங்கே அதிக இறுக்கமோ அந்த இடத்தை வைத்துச் சரிசெய்ய வேண்டும். தளர்வான இடத்தை வைத்து இறுக்கினால், ஆள் ஏறி உட்காரும்போது கியர்பெட்டி ஷாஃப்ட் பேரிங்தான் அந்த இழுவையைத் தாங்கும்.

டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம்: 4520. 2020-ஆம் வருடம் 45-வது வாரம். பள்ளம் ஆழமாக இருந்தது, பார்த்தால் புதுசுபோல. ஆனால் விரல்நகம் பதியவில்லை, பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்பு, நின்ற இடத்தில் தட்டையும் விழுந்திருந்தது. பள்ளம் இருக்கிறதே என்று மனசு கேட்காது, மாற்றத்தான் வேண்டும். முன்னே 120/70-17, பின்னே 190/50-17, அதே அளவு. பின்னே 190/55 போட்டால் வளைவில் நன்றாக இருக்கும் என்று கடையில் சொல்வார்கள். சக்கரச் சுற்றளவு மாறினால் சென்சார் கணக்கும் வண்டியின் சாய்வும் மாறும், பழக வரும் ஆளுக்கு அது வேண்டாம். ட்ராக் டயரும் வேண்டாம், மழையில் பிடிக்கும் ஸ்போர்ட் டூரிங் வகைதான் இந்த ஊருக்கு. முதல் 150 கி.மீ. மேல்தோல் வழுக்கும், அதிகம் சாய்க்கக்கூடாது.

காற்று முன்னே 36, பின்னே 42 பிஎஸ்ஐ, குளிர்ந்த டயரில். பங்க்குக்கு 5 கி.மீ. ஓட்டிப் போய் அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும், ஏறக்குறைய 5, 6 டிகிரிச் சூட்டுக்கு 1 பிஎஸ்ஐ. அங்கே 36-க்கு இறக்கிவிட்டு வந்தால் மறுநாள் காலை 33 இருக்கும். 12 வோல்ட் சிறு பம்பும் மீட்டரும் வாங்கிவிடுவதே மேல்.

முன் ஃபோர்க் குழாயில் விரல்நகம் ஓட்டிப் பார்த்ததில் இரண்டு இடத்தில் ஊசிமுனைத் துரு. 2000 நம்பர் தாளில் எண்ணெய் விட்டு, குறுக்கே மட்டும் தேய்த்து எடுத்தது. விட்டால் ஆயில் சீலை அரத்தால் ராவியதுபோல் கிழித்துவிடும். பிறகு ஆள் எடைக்கு அமர்வு அளந்தது: ஒருவர் வண்டியைப் பிடிக்க, ஒருவர் முழுக் கவசத்தோடு உட்கார, இன்னொருவர் டேப் பிடிக்க. முன்னே மொத்த ஓட்டம் 120 மி.மீ., ஆள் உட்கார்ந்ததும் 35 முதல் 40 அமுங்க வேண்டும். 82 கிலோ ஆளுக்கு 46 அமுங்கியது, ப்ரீலோடை (ஸ்பிரிங்கின் முன்இறுக்கம்) கூட்டி 38-க்குக் கொண்டுவந்தது. பின்னே வெளிக்குமிழ் இருப்பதால் கையாலேயே முடியும். அதிகமாக அமுங்கும் முன்பக்கம் பிரேக் பிடிக்கும்போது மூக்கைக் குத்தும். வண்டி சரியில்லை என்று பழைய கை பயந்து, முன் பிரேக்கையே தொடாமல் விடும். அந்தப் பயத்தை இங்கே ஸ்க்ரூடிரைவராலேயே பாதி தீர்க்கலாம்.

காகிதம்

லைசென்ஸ் காலாவதியாகி ஒரு வருடத்துக்கு மேல் போனால் மறுபடி ஓட்டிக் காட்டித் தேர வேண்டும், 2019 சட்டத் திருத்தம் அப்படி. 40 வயது தாண்டியவர்களுக்கு மருத்துவச் சான்றும் உண்டு. இன்ஷூரன்ஸ் முடிந்து 90 நாள் கடந்தால் நோ க்ளெய்ம் தள்ளுபடி போய்விடும். பழைய ஹெல்மெட்டை எடுக்க வேண்டாம். 12 வருடத்தில் வியர்வையிலும் வெயிலிலும் அது வெறும் தொப்பி.

கால், கை, கண்

இனி ஓட்டுபவர் பக்கம். பழைய புல்லட்டில் வலது கால் கியர், மேலே ஒன்று, கீழே மூன்று. இடது கால் பிரேக். புது வண்டியில் எல்லாம் இடம் மாறியிருக்கிறது: இடது காலில் கியர், கீழே ஒன்று, மேலே ஐந்து. வலது காலில் பின் பிரேக். நிதானமாக ஓட்டும்போது மூளை இதைச் சமாளிக்கும். நாய் குறுக்கே ஓடும்போது சமாளிக்காது. பதறும் காலுக்குப் பழைய வண்டிதான் தெரியும். இடது கால் பிரேக் என்று நினைத்து மிதிக்கும், மிதிபடுவது கியர் லீவர், வண்டி ஒரு கியர் இறங்கும். ஸ்லிப்பர் கிளட்ச் இருப்பதால் பின்சக்கரம் இறுகிச் சறுக்குவது குறையும், ஆனால் வண்டி நிற்காது. ஸ்ப்ளெண்டர் பழகியவர்களுக்கும் இதே கண்டம் வேறு உருவில்: அதில் கியர் ஏற்ற மொத்தமும் முன்னே மிதிப்பது, இங்கே மிதித்தால் இறங்கும்.

நிற்கும் வண்டியிலேயே முதல் பயிற்சி. பின்சக்கரம் தரையைத் தொடாதபடி பேடாக் ஸ்டாண்டில், இன்ஜின் அணைந்து. ஒருவர் எதிரே நின்று "நில்" என்று சொன்னதும் வலது கை இரண்டு விரல் லீவரில், வலது கால் பெடலில், இடது கை கிளட்சில். நாளுக்கு 50 முறை, ஒரு வாரம். முதல் நாள் 50-ல் 14 முறை இடது காலும் சேர்ந்து அமுங்கியது. ஏழாம் நாள் ஒன்று. இது பூஜ்யம் ஆகாமல் சாலைக்குப் போக அனுமதிக்கவே கூடாது. எட்டாம், ஒன்பதாம் நாள் இரண்டிலும் பூஜ்யம்.

அதற்கு முன் லீவர்களை ஆளுக்குப் பொருத்த வேண்டும். உட்கார்ந்து கையை நீட்டினால் முன்கை, மணிக்கட்டு, லீவர் ஒரே கோட்டில். பிரேக் லீவர் தூரத்தைச் சக்கரத்தால் குறைத்து, விரலின் நடுக்கணு அதில் படியும்படி. பின் பிரேக் பெடல் பாதத்துக்குச் சற்றே கீழே, சும்மா வைத்திருக்கும்போது விளக்கு எரியாதபடி. குவிக்‌ஷிஃப்டரை (கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்றவிடும் கருவி) முதல் மாதம் மெனுவில் அணைத்து வைத்தது. இடது கை கிளட்சை மறுபடி கற்க வேண்டும் என்பது ஒரு காரணம். கியர் லீவர் மேல் பாதத்தைச் சாய்த்து வைக்கும் பழைய பழக்கத்தை அது கியர் போடும் சைகையாக எடுத்துக்கொண்டு இன்ஜினை ஒரு கணம் வெட்டும் என்பது இன்னொன்று. ஓட்டும் மோடு 'ரெயின்' என்ற மழை மோடில். அதில் சக்தி குறைவு, டிராக்‌ஷன் கண்ட்ரோல் அதிகம் குறுக்கிடும், வெயில் நாளிலும் பழகுபவருக்கு அதுதான்.

இடத்துக்கு ஆடி மாதம் கைகொடுத்தது. முகூர்த்தம் இல்லாததால் கல்யாண மண்டபங்களின் வண்டி நிறுத்துமிடம் காலி. கேட்டு அனுமதி வாங்கினால் 60 மீட்டர் நீளம் சிமென்ட் தரை கிடைக்கும். முதலில் பெருக்க வேண்டும், மணல் இருந்தால் பயிற்சியே பொய். குறி வைக்க பிளாஸ்டிக் டம்ளர்கள். செங்கல் வேண்டாம், ஏறினால் வண்டி விழும்.

நடை வேகத்தில் நேர்கோடு: இன்ஜின் 2000 சுற்றில் அசையாமல், கிளட்ச் பாதிப் பிடியில், பின் பிரேக் லேசாக இழுத்தபடி. 20 மீட்டரைக் கடக்க 15 வினாடிக்கு மேல் எடுத்தால் தேர்ச்சி. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டால் 238 கிலோவும் அந்தப் பக்கமே சாயும், அதை எந்த மின்னணுவும் தடுக்காது. விழுந்தால்: இன்ஜினை அணை, கியரில் போடு, வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டைத் தூக்கும் முன்பே விரித்துவிடு, சீட்டுக்கு முதுகு காட்டிக் குந்தி உட்கார்ந்து காலால் தள்ளி எழு. முன்பக்கம் குனிந்து தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

பிறகு நிறுத்தம். 30, 40, கடைசியில் 50 கி.மீ. வேகம். ட்ரம் பிரேக் காலத்துக் கை முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழும் என்று நம்பும். கணக்கைப் பார்த்தால் நம்பிக்கை மாறும். 60 கி.மீ. வேகத்தில் பின் பிரேக் மட்டும் மிதித்தால் நிற்க 40 மீட்டர் ஆகும். இரண்டையும் பிடித்தால் 20. கண் பார்த்துக் கை அசைய ஒரு வினாடி என்று வைத்தால் அதற்கே இன்னும் 17 மீட்டர். 100 கி.மீ. வேகத்தில் அந்தக் கூட்டுத்தொகை 83 மீட்டர், ஒரு கால்பந்து மைதான நீளத்துக்குப் பக்கம். முன் லீவரைப் பிடுங்காமல் பிழிய வேண்டும், எலுமிச்சைப் பழம் பிழிவதுபோல்: முதலில் மெல்ல, எடை முன் டயருக்கு இறங்கியதும் முழுசாக. ஏபிஎஸ் வேலை செய்யும்போது லீவர் விரலடியில் துடிக்கும். பழைய கை அந்தத் துடிப்பைக் கோளாறு என்று நினைத்து லீவரை விட்டுவிடும். விடவே கூடாது. அந்தத் துடிப்பை உணர்ந்து பழகத்தான் பெருக்கிய தரையில் ஓரிடத்தில் மட்டும் கைப்பிடி மணலைத் தூவி, 25 கி.மீ. வேகத்தில், நேர்கோட்டில், பின் பிரேக்கை அழுத்திப் பார்த்தது. நாலாவது முறை கால் விலகவில்லை.

சாலை

முதல் சாலையாக கடலூர்ப் பக்கம் வேண்டாம். தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் வழியே டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, பள்ளி வாசல், மூச்சுவிட இடமில்லை. ஞாயிறு காலை 6 மணிக்கு ஊரைக் கடந்து காலாப்பட்டு, கனகசெட்டிகுளம், மரக்காணம் போய்த் திரும்புவதே நல்லது. 9 மணிக்குள் வீடு. முற்பகல் தாண்டினால் கடற்காற்று ஏறும், உப்பளப் பக்கம் மறைப்பே இல்லாததால் ஃபேரிங் உள்ள வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். கைப்பிடியை இறுக்கினால் தள்ளாட்டம் கூடும். முட்டியால் டேங்கை அணைத்து, கையைத் தளர்வாக விட வேண்டும். சாலை விரிவாக்கம் நடக்கும் துண்டுகளில் சரளை, அங்கே வேகத்தை நேர்கோட்டிலேயே குறைத்துவிட வேண்டும்.

வளைவில் இடப்பக்கம் திரும்ப இடக்கைப்பிடியை முன்னே தள்ள வேண்டும். பார்வை வளைவு முடியும் இடத்தில். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்கே போகும்.

இரண்டாம் மாதம்தான் பாகூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி. அறுவடைக்குப் பின் நெல்லும் உளுந்தும் எள்ளும் பாதிச் சாலையில் காயும், அதன்மேல் டயருக்குத் தார்ச்சாலையே கிடைக்காது. சாயாமல், பிரேக் பிடிக்காமல், ஒரே முறுக்கில் கடக்க வேண்டும். அரவைக் காலத்தில் நெல்லிக்குப்பம் சாலையில் கரும்பு டிராக்டர் பின்னால் 30 மீட்டர் விட்டே போக வேண்டும், உருவி விழும் ஒரு கரும்பு முன்சக்கரத்துக்கு உருளைக்கட்டை. ஊருக்குள் இந்திரா காந்தி சிலை சிக்னலில் நிற்கும்போது ரேடியேட்டர் விசிறி சுற்றி, தொடையில் அனல் அடிக்கும். அது வழக்கம். ஜீன்ஸ் போதாது, கால் கவசம் சூட்டுக்கும் உதவும்.

500 கி.மீ. முடிவில்

பின் அச்சு நட்டில் வைத்த பெயின்ட் கோடு நகரவில்லை. புதுச் செயின் 6 மி.மீ. தொய்ந்தது, ஒருமுறை சரிசெய்தது. காலைக் காற்று முன்னே 35, பின்னே 41. பின் பேட் இரண்டும் ஒரே கனம். பேட்டரி ஓர் இரவு ஓய்ந்த பின் 12.7. ஈசிஆர் போய்வந்த ஒவ்வொரு நாளும் அன்று மாலையே நல்ல தண்ணீரில், குழாய் வேகத்தைக் குறைத்து, கழுவியது. பிரஷர் வாஷரைச் சக்கர பேரிங், செயின், ரேடியேட்டர் பக்கம் காட்டவில்லை. குவிக்‌ஷிஃப்டர் இன்னும் அணைந்தே இருக்கிறது. "நில்" பயிற்சி வாரம் ஒருமுறை 20 தடவை தொடர்கிறது. அடுத்த அளவெடுப்பு 1,000 கி.மீ.யில். அதற்கு முன் மழை பிடித்தால் செயினுக்கு மட்டும் அன்றைக்கே எண்ணெய்.